முப்பது விநாடிக்குள் ஒரு நாயனம்

பாட்டுக்கு நடுவில் விளம்பரம் வந்தால் எரிச்சலோடு அடுத்த ஸ்டேஷனுக்குத் தாவுகிற காலம் இது. எங்கள் காலம் வேறு. விளம்பரத்தை மனப்பாடம் செய்துகொண்டு தெருவில் ஒப்பித்துத் திரிந்த ஆட்கள் நாங்கள். ஒரு பல்பொடி எத்தனை நாடுகளில் விற்கிறது என்பதை வரிசை மாறாமல் சொல்லத் தெரிந்தால் போதும், நாகூர் தெருக்களில் அன்றைக்கு அவன்தான் ஹீரோ. பூகோளப் பாடத்தில் மலேசியாவைப் படிக்கும் முன்பே பல்பொடி மூலமாக அந்த நாட்டை அறிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு :-)

சமீபத்தில் நானே ஒரு ரேடியோ விளம்பரம் செய்து கொடுக்க வேண்டிவந்தது. மொத்தமே முப்பது விநாடி. ஒரு குரல், கூடவே நாயனம். அந்த வேலையில் இறங்கிய பிறகுதான் இந்தக் குரலும் சாஸ்திரிய சங்கீதமும் முதலில் எப்போது கைகோர்த்தன என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே கொட்டுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் ஊர் ஏன் கொழும்பைக் கேட்டது என்ற கதை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நாகூரிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 255 கிலோமீட்டர். கொழும்பு 430. ஆனால் பகல் நேரத்தில் சென்னை கரகரக்கும், கொழும்பு பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி வரும். எங்கள் வாப்பா இதற்கு "கடல் காத்து கொண்டாருது"ன்னு ஒரு விளக்கம் வைத்திருந்தார். விஞ்ஞானமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது, காற்றை மட்டும் எடுத்துவிட வேண்டும். மத்திய அலை தரையை ஒட்டிப் பயணிக்கும்போது காய்ந்த மண் அதை விழுங்கிவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் கடல்மேல் அலை அவ்வளவு சீக்கிரம் களைப்பதில்லை. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவில் 110 கிலோமீட்டர் தண்ணீர்தான். 2023 அக்டோபரில் இந்தத் தடத்தில் பயணிகள் கப்பல் விட்டபோது ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. அதற்கு எழுபது வருடத்துக்கு முன்பே எங்கள் காதுகள் அந்தத் தடத்தில் தினமும் போய்வந்து கொண்டிருந்தன.

கொழும்பு வானொலி பிறந்த கதையே சினிமாக் கதை மாதிரி. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் துறைப் பொறியாளர், முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோ கருவியைப் பிரித்து, அந்தப் பாகங்களை வைத்து 1923-இல் கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார். 1925 டிசம்பரில் முறையான நிலையம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காகச் சக்தி வாய்ந்த டிரான்ஸ்மிட்டரை அங்கே நிறுவினார்கள். போர் முடிந்ததும் அது இலங்கைக்கே வந்து சேர்ந்தது. இவ்வளவு பெரிய குழாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானேன் என்று 1950 செப்டம்பர் 30-இல் வர்த்தக சேவையைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் என்பவர் அதற்குத் தலைமை.

இந்தப் பக்கம் என்ன நடந்தது? இங்கேதான் சாஸ்திரிய சங்கீதம் கதைக்குள் வருகிறது, ஆனால் விளம்பரத்தின் எதிரியாக.

1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக பி.வி.கேஸ்கர் வந்தார். சங்கீத ஞானம் உள்ள மனிதர். சினிமாப் பாட்டு ஜனங்களின் காதைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. ஆகாசவாணியில் சினிமாப் பாட்டைக் குறுக்கினார், கொஞ்ச நாளில் அது அறவே நின்றுபோனது. அதே 1952-இல் சங்கீதத்துக்கான தேசிய நிகழ்ச்சியைத் தொடங்கினார். ரவிசங்கர் பொறுப்பில் வாத்திய விருந்தா என்ற இசைக்குழு வந்தது. நல்ல காரியங்கள்தான், நான் குறை சொல்லவில்லை. பல வித்வான்களின் வீட்டில் அடுப்பெரிந்தது ஆகாசவாணியால்தான். ஆனால் ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளைத் திருப்பிக் கொழும்பில் வைத்துவிட்டார்கள். கேஸ்கர் தோடியைக் கொடுத்தார், ஜனம் பல்பொடியைக் கேட்டது.

அதே வருடம் டிசம்பரில் இலங்கை வானொலியின் இந்தி சேவையில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' ஆரம்பம். விளம்பரம் கொடுத்தது ஒரு பற்பசை. நிகழ்ச்சியை பம்பாயிலேயே டேப்பில் பதிவு செய்து விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து அது திரும்ப இந்தியாவுக்கே வரும். பம்பாய்க்காரன் பம்பாய்க்காரனிடம் பேசுவதற்குக் கொழும்பு வழியாகச் சுற்றிப்போன விசித்திரம் அது. தமிழ்ப் பக்கம் எஸ்.பி.மயில்வாகனம் முன்னோடி. பிறகு ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் என்று ஒரு பட்டாளமே வந்தது. இதில் கே.எஸ்.ராஜாவின் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். புதுப்பட விளம்பரத்தில் படத்து வசனத்தை ஒரு துண்டு ஓடவிட்டு, அதற்குத் தானே பதில் சொல்வது போலப் பேசி, அந்த வாக்கியம் முடிகிற இடத்தில் பாட்டு விழுகிற மாதிரி வெட்டுவார். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் செய்கிற வேலை அது. அந்த ஆள் வாயாலும் இரண்டு கையாலும் செய்தார்.

சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடர் நாடகமும் விளம்பர நிகழ்ச்சிதான், மக்கள் வங்கியின் ஆதரவில் வந்தது. ஒரு வங்கி காசு கொடுக்க, ஊரே அழுதது. விளம்பரம் என்றால் கூவி விற்பது மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

ஆனால் இவற்றில் எல்லாம் பின்னணியில் இருந்தது பெரும்பாலும் சினிமா இசை. சாஸ்திரிய சங்கீதத்தோடு பேச்சுக்குரல் சேர்ந்த கதைக்கு இன்னும் பின்னால் போக வேண்டும். ரேடியோவே இல்லாத 1902-க்கு.

அந்த வருடம் நவம்பரில் ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்தார். ஒரு தட்டுக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். மணிக்கணக்கில் விரியும் ராகத்தை மூன்று நிமிடத்தில் அடக்க வேண்டும். பாட்டு முடியும் இடத்தில் அந்த அம்மாள் ஆங்கிலத்தில் தன் பெயரை உரக்கச் சொல்வார். ஏன்? தட்டு அச்சாவது ஜெர்மனியில் ஹானோவரில். அங்கே இருக்கிற தொழிலாளிக்கு எந்தத் தட்டு யார் பாடியது என்று எப்படித் தெரியும்? காதில் விழுந்தால்தானே லேபிள் ஒட்டுவான்! இப்படி ஒரு தொழிற்சாலைத் தேவைக்காக வந்த அந்த ஒற்றை வாக்கியம்தான், என் கணக்கில், நம் நாட்டின் முதல் இசையோடு கூடிய குரல் விளம்பரம். பாட்டு, பிறகு பெயர். பொருளும் அவர்தான், அறிவிப்பாளரும் அவர்தான்.

இந்த மூன்று நிமிடக் கட்டாயம் நம் பக்கத்தையும் விடவில்லை. திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை ராத்திரி முழுக்கத் தோடி வாசிப்பார் என்று காவிரிக் கரையில் சொல்லிச் சொல்லி மாளாது. அவரும் இசைத்தட்டுக் கம்பெனி கொடுத்த நிமிடங்களுக்குள் தோடியை வாசித்தார். அந்தத் தட்டு கல்யாண வீடுகளில் தேயத் தேய ஓடியது. நேரில் அவரைக் கேட்க முடியாத ஊர்களுக்கெல்லாம் அவர் தோடி போனது அந்தத் தட்டு வழியாகத்தான். சுருக்கினால் சங்கீதம் செத்துப்போகும் என்று சொல்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் எனக்குத் தெரியாது. (சுருக்கினால் செத்துப்போகிற சங்கீதமும் உண்டு. அதற்கு வருகிறேன்.)

ரேடியோவுக்கு வருவோம். சென்னையில் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி 1924-இல் ஒரு ரேடியோ கிளப் தொடங்கினார். காசில்லாமல் 1927-இல் மூடினார்கள். டிரான்ஸ்மிட்டர் பிறகு சென்னை மாநகராட்சியிடம் போய்ச் சேர்ந்தது, 1930-லிருந்து அது தினமும் சங்கீதம் ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறந்தபோது முதலில் ஒலித்தது திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளையின் நாகஸ்வரம், அடுத்து டி.கே.பட்டம்மாள் கச்சேரி. திருவெண்காடு வேறெங்கும் இல்லை, எங்கள் ஊரிலிருந்து காரைக்கால், தரங்கம்பாடி தாண்டிப் போனால் வந்துவிடும். அடுத்த வருடம் மே மாதம் திருச்சி நிலையமும் வந்துவிட்டது. ஆனால் விளம்பரம் மட்டும் கிடையாது. லைசென்ஸ் காசில் நடக்கிற அரசாங்க ரேடியோவுக்கு வியாபாரம் எதற்கு என்று இருந்தார்கள்.

விளம்பரம் இல்லை என்று சொன்னேனே, ஒன்று இருந்தது. நிலையத்துக்கே ஒரு விளம்பரம். காலையில் ஒலிபரப்புக்கு முன்னால் தம்பூராவின் மேல் வயலின் அழுகிற அந்தத் துண்டு. வால்டர் காஃப்மன் என்ற யூத இசைக்கலைஞர், ஹிட்லருக்குத் தப்பி 1934-இல் பம்பாய் வந்தவர், அங்கே வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாக இருந்தபோது அமைத்தது என்பது பரவலாக ஒப்புக்கொண்ட செய்தி. ராகம் சிவரஞ்சனி. பிராக், பெர்லின் என்று படித்த ஒருவர் நம் ராகத்தை எடுத்து, பேச்சே இல்லாமல், "ரேடியோ ஆரம்பிக்கப்போகுது, எல்லாரும் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த இசை கேட்டதும் அடுப்பில் உலை வைக்கிற வீடுகள் இருந்தன.

கேஸ்கரின் தோடிப் போரில் கடைசியில் சினிமாப் பாட்டுதான் ஜெயித்தது. 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதி வந்தது. 1967 நவம்பர் 1-லிருந்து பம்பாய், நாகபுரி, புனா நிலையங்களில் விளம்பரமும் வந்தது. கொஞ்ச காலத்தில் சென்னைக்கும் பரவியது. பதினேழு வருடம் கழித்துக் கொழும்பின் வழிக்கே டில்லி வந்து சேர்ந்தது.

அப்போது ஒரு விளம்பரம் எப்படித் தயாரானது என்று கொஞ்சம் பார்த்தால்தான் அந்த ஆட்களின் அருமை தெரியும். கால் அங்குல டேப். விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடும். முப்பது விநாடி விளம்பரம் என்றால் 225 அங்குலம், அதாவது 19 அடிக்குக் கொஞ்சம் குறைவு. பேசுகிறவர் நடுவில் மூச்சு வாங்கினால் அந்த மூச்சு ஒரு ஜாண் நீளத்துக்கு டேப்பில் உட்கார்ந்திருக்கும். பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டு டேப்பால் ஒட்டுவார்கள். நேராக வெட்டினால் 'டக்'கென்று சத்தம் வரும், சாய்த்து வெட்டினால் வராது. குரலும் இசையும் சேர வேண்டும் என்றால் இன்னும் கஷ்டம். ஒரு மெஷினில் குரல், இன்னொன்றில் இசை, இரண்டையும் ஓடவிட்டு மூன்றாவதில் பதிவு. பேச்சு வருகிற இடத்தில் இசையின் குமிழை விரலால் கீழே இறக்கி, பேச்சு முடிந்ததும் ஏற்ற வேண்டும். கை தவறினால் முதலிலிருந்து!

எண்பதுகளில் நடந்ததுதான் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. கேஸ்கர் காலத்தில் ஜனங்களை விரட்டியதாகச் சொல்லப்பட்ட அதே சாஸ்திரிய சங்கீதத்தை விளம்பரக்காரர்கள் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நம்ம ஓசூரில் தொழிற்சாலை போட்ட டைட்டன் கடிகாரம் (டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது) மொசார்ட்டின் 25-ஆவது சிம்பொனியை எடுத்துக்கொண்டது. தலைவராக இருந்த செர்க்சஸ் தேசாய்க்கு மேற்கத்திய சங்கீதத்தில் ஈடுபாடு அதிகம், ஓகில்வி கம்பெனியின் சுரேஷ் மல்லிக்கும் சேர்ந்துகொண்டார். மொசார்ட் அதை 1773-இல் எழுதியபோது வயது 17. அப்போது திருவாரூரில் தியாகராஜருக்கு வயது ஆறு. இரண்டு நூற்றாண்டு கழித்து, மொசார்ட் பெயரே கேள்விப்படாத எங்கள் உம்மா அடுப்படியிலிருந்தே "டைட்டன் பாட்டு வருது பாரு" என்று சொல்வார்கள். டி.வி.யில் வந்த விளம்பரம் அது, ஆனால் உம்மா ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை, கேட்டது மட்டும்தான். அதே சுரேஷ் மல்லிக்தான் 1988 ஆகஸ்ட் 15-இல் தூர்தர்ஷனில் வந்த 'மிலே சுர் மேரா தும்ஹாரா'வின் மூளை. அதில் பைரவியில் தமிழ் வரியைப் பாடியவர் பாலமுரளி கிருஷ்ணா.

ஏ.ஆர்.ரஹ்மான் 1987-இல் ஆல்வின் கைக்கடிகாரத்துக்காக முதல் ஜிங்கிள் போட்டார். 'ரோஜா' வந்தது 1992-இல். நடுவில் ஐந்து வருடம் முப்பது விநாடி, அறுபது விநாடி என்றே வாழ்ந்த மனிதர். அவர் பாட்டுகளில் முதல் நாலு விநாடியிலேயே 'இது இன்ன பாட்டு' என்று தெரிந்துவிடுகிறதே, அது அங்கே பழகிய பழக்கம் என்று எனக்கு ஒரு எண்ணம். எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள், சண்டை போடலாம்.

இனி என் கதை. நாகூரில் இனிப்புக் கடை வைத்திருக்கும் ஒரு சொந்தக்காரத் தம்பி, கந்தூரி சமயத்தில் தம்ரூட்டுக்கு உள்ளூர் ரேடியோவில் விளம்பரம் கொடுக்க ஆசைப்பட்டார். "நீங்கதானே நானா எழுதுவீங்க, பண்ணிக் குடுங்க"ன்னு வந்து நின்றார். வழக்கமான டண்டணக்கா வேண்டாம், நாயனம் வைப்போம் என்றேன். "கந்தூரிக்கு நகராதானே நானா? நாயனம் எதுக்கு?" என்று ஒரு பார்வை பார்த்தார். எங்கள் ஊர் தர்கா வித்வான் எஸ்.எம்.ஏ.காதர் முறைப்படி கர்நாடக சங்கீதம் கற்றுப் பாடியவர், ஷேக் சின்ன மௌலானா நாச்சியார்கோயிலில் கற்ற நாகஸ்வரத்தால் உலகப் புகழ் பெற்றவர் என்றெல்லாம் அரை மணி நேரம் பேசினேன். "இதையெல்லாம் வெளம்பரத்துல சொல்லாதீங்க, தம்ரூட்டுக்கு எடமிருக்காது" என்றார். சரியான வியாபாரி.

எழுதினேன். 62 வார்த்தை வந்தது. லாத்தா மகள் பள்ளிக்கூட டீச்சர், நல்ல குரல். அவளை வாசிக்கச் சொல்லி கடிகாரம் வைத்துப் பார்த்தால் 41 விநாடி. ஆங்கில விளம்பரக்காரர்கள் முப்பது விநாடிக்கு எழுபத்தைந்து வார்த்தை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. 'வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்' என்பது நமக்கு ஒரு வார்த்தை! இசைக்கு முன்னால் நாலு விநாடி, பின்னால் மூன்று விநாடி விட்டால் பேச்சுக்கு 23 தான். கடைசியில் 34 வார்த்தைக்கு வெட்டினேன். பெயரடைகளைத் தூக்கியதில்தான் பாதி மிச்சமானது. இலக்கியத்துக்கும் இது நல்ல பயிற்சி, நம்மில் சிலருக்குச் சிபாரிசு செய்கிறேன் (எனக்கும்தான்).

நாயனக்காரர் திருவாரூர்ப் பக்கம். வயது எழுபதைத் தாண்டியவர். "ஐயா, தோடி கிடைக்குமா?" என்றேன். சிரித்தார். "பாய், தோடி வீட்டுக்குள்ள வந்து செருப்பக் கழட்டவே அரை மணி ஆகும். நாலு செகண்டுல அது வாசப்படிகூட ஏறாது" என்றார். மோகனம் வாசித்துக் காட்டினார். ஐந்தே ஸ்வரம், சுத்தமாக, மூன்றாவது விநாடியில் முகம் தெரிந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, காஃப்மன் எடுத்த சிவரஞ்சனியும் ஐந்து ஸ்வர ராகம்தான். மோகனத்தின் காந்தாரத்தை ஒரு படி இறக்கினால் சிவரஞ்சனி. ஒன்று சிரிக்கும், மற்றது அழும், ஆனால் இரண்டும் சட்டென்று அடையாளம் தெரியும். சுருக்கினால் செத்துப்போகும் சங்கீதம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். மூன்று நிமிடத்தில் தோடி பிழைத்தது, நாலு விநாடியில் பிழைக்காது.

இன்னொரு யோசனையும் சொன்னார். முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்கள். வெள்ளைக்காரர்களின் பாண்டு மெட்டுகளுக்கு தீட்சிதர் சம்ஸ்கிருத சாகித்யம் எழுதியவை, பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டு உள்பட. பல உருப்படிகள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். "தீட்சிதர் அப்பவே உங்களுக்காகப் போட்டு வச்சிருக்காரு" என்றார். ஆனால் நாயனத்தில் மோகனத்துக்கு இருந்த குளிர்ச்சி அதில் எனக்குத் தெரியவில்லை.

பதிவு செய்வதில் பெரிய தலைவலி, நாயனமும் பெண் குரலும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்வது. சீவாளியில் பிறக்கிற அந்தக் கூர்மையான ஒலி, நாம் பேசும்போது 'ச'வையும் 'ட'வையும் பிரித்துக் காட்டுகிற அதே அதிர்வெண்களில் வந்து உட்காரும். சத்தத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. அதனால் பேச்சுக்குக் கீழே நாயனமே இல்லாமல் தவிலை மட்டும் மெல்ல ஓடவிட்டு, வாக்கியங்களின் இடைவெளியில் நாயனம் எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்தோம். சுருதிக்குத் தம்பூரா போட்டுப் பார்த்தேன். ஹெட்போனில் அமிர்தம், டீக்கடை ரேடியோவின் மூன்று அங்குல ஸ்பீக்கரில் அது இருப்பதே தெரியவில்லை. எடுத்துவிட்டேன். அந்தக் காலத்தில் வித்வான்கள் மைக்கிலிருந்து தள்ளி உட்கார்ந்த மாதிரி இவரையும் ஆறடி தள்ளி, நாயனத்தின் வாய் மைக்குக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் பார்க்க உட்காரவைத்தேன். சுவரெல்லாம் ஜமுக்காளம். வெட்டி ஒட்டுவது ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருளில். பேச்சு வந்ததும் இசை தானாகவே இறங்குகிற வசதி அதில் இருக்கிறது. விரலால் குமிழ் திருப்பியவர்கள் பார்த்தால் திட்டுவார்கள்.

பழைய தட்டை எடுத்துப் போட்டிருக்கலாமே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். சட்டப்படி முடியும். நம் நாட்டில் ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான வருடம் முடிந்து 60 ஆண்டு. ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் காலமானார், அவர் இருந்தபோது வந்த தட்டுகள் எல்லாம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. யாரையும் கேட்காமல் அவர் நாதத்தைத் தம்ரூட்டுக்கு மேல் ஊற்றலாம். எனக்கு மனசு வரவில்லை. ஊர் ஊராக நாயனக்காரர்கள் முகூர்த்த மாதங்களுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது போனவரை எழுப்பி வேலை வாங்குவது என்ன நியாயம்?

எல்லாம் முடிந்து பணத்தைக் கொடுத்தபோது பெரியவர் கேட்டார்: "பாய், என் பேரு வருமா?"

நான் பதில் சொல்லவில்லை. ரேடியோ விளம்பரத்தில் வாசித்தவர் பெயரைச் சொல்லி எங்காவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டு வளர்ந்த அத்தனை விளம்பரத்திலும் எனக்கு ஒரு வயலின்காரர் பெயர் தெரியாது, ஒரு தபலாக்காரர் பெயர் தெரியாது. 1902-இல் கௌஹர் ஜான் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் கூலி வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். சட்டத்தில் வாசிப்பவர்களுக்கென்று தனி உரிமை என ஒன்று வந்ததே 1994 திருத்தத்தில்தான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். "நாயனம்" என்று சொல்லிப் பெயரையும் ஊரையும் சேர்த்தால் இரண்டரை விநாடி. எங்கே வெட்டுவது? "சுத்தமான பசுநெய்யில் செய்த" என்ற இடம்தான் சரியாக இரண்டரை விநாடி இருந்தது. தம்பியிடம் சொன்னேன். "நெய்ய எடுத்துட்டு நாயனக்காரரு பேரா? நானா, ஒங்களுக்குப் புத்தி கித்தி..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். வயதுக்கு மரியாதை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கடைக்குப் போனபோது லாத்தா மகள் வாசித்த இரண்டு வடிவத்தையும் போனில் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "முகவரில 'அருகில்'னு வர்றத எடுத்துருங்க, தர்கா வாசலுன்னாலே போதும். நெய்யில 'சுத்தமான' வேணாம். பசுநெய் இருக்கட்டும். மிச்சத்துல பேரைப் போடுங்க" என்றார். கடைசிப் பெயரடையும் அங்கே போயிற்று. எடிட்டர் வேலையைத் தம்ரூட் கடைக்காரர் என்னைவிட நன்றாகச் செய்கிறார்.

விளம்பரம் கந்தூரி நாட்களில் ஓடியது. பெரியவர் பெயரை இந்தப் பதிவில் போடட்டுமா என்று கேட்டேன். "ரேடியோவுல வந்துச்சுல்ல, அது போதும். கம்ப்யூட்டர்ல வாணாம், யாராவது லோன் வேணுமான்னு போன் பண்ணுவான்" என்றார். அதனால் போடவில்லை.

கடைசியாக நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுபது, எண்பதுகளில் இலங்கை வானொலியையோ திருச்சி, சென்னை விவித் பாரதியையோ கேசட்டில் பதிந்தவர்கள் நம்மிடையே இருப்பார்கள். பாட்டுக்காகப் பதிந்திருப்பீர்கள், நடுவில் விளம்பரமும் மாட்டியிருக்கும். அநேகம் பேர் அப்போதே பாஸ் பட்டனை அமுக்கி விளம்பரத்தைத் தவிர்த்திருப்பீர்கள் என்று தெரியும். தவிர்க்காத சோம்பேறிகள் யாராவது இருந்தால் தயவுசெய்து அந்தக் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், டேப் அறுந்துவிடும், முதலில் வெயில் படாமல் காற்றாடக் காயவையுங்கள். என்னிடம் ஓடுகிற நிலையில் ஒரு டெக் இருக்கிறது, கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிறேன். பின்னணியில் வாசித்தது யார் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது தெரிந்தால் அதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கேசட்டோடு வையுங்கள்.